கேட்டுத் தின்னும் பிள்ளை

பள்ளி விட்டு வந்த பிள்ளையின் சட்டையைத் துவைக்கப் போகும் தாய், பையைத் துழாவிப் பார்க்கிறார். கையில் சில சிவப்பு விதைகள் வருகின்றன. ஒன்று முழுச் சிவப்பு. சற்றுத் தட்டையாக, மெருகு போட்டது போல் மின்னுகிறது. இன்னொன்று அதைவிடச் சிறியது. ஒரு முனையில் மட்டும் மை வைத்தது போல் கறுப்பு. முதலாவது சாகா மரத்து விதை, தமிழில் ஆனைக்குன்றிமணி. பல்லாங்குழிக்கும் சொங்காக்கிற்கும் நம் பிள்ளைகள் காலங்காலமாகப் பொறுக்கி வந்தது. இரண்டாவது குன்றிமணி. தட்டார் தராசில் பொன் நிறுத்த அதே குன்றிமணிதான். அதன் கெட்டித் தோலுக்குள் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மலாயில் மரமும் சாகா. கொடியும் ‘ஆக்கார் சாகா’. பெயரைக் கேட்டு மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இந்த வேறுபாடு அந்தத் தாய்க்குத் தெரியுமா? அவருடைய பாட்டிக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். பிள்ளைக்குத் தெரியாது. மூன்று தலைமுறைக்குள் ஓர் அறிவு கரைந்துபோனதை எண்ணி வருந்துவது எளிது. அதை மறுபடியும் யார் யார் சேர்ந்து பிள்ளையின் கையில் சேர்ப்பது என்பதைத்தான் இன்று நாம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

முதலில் நாம் வாழும் வட்டாரத்தைப் பார்ப்போம். சிலாங்கூர் ஆற்றின் வடகரையில் இருக்கிறது பாசிர் பெனம்பாங். ‘பெனம்பாங்’ என்பது ஆட்களை அக்கரை சேர்க்கும் படகைக் குறிக்கும் மலாய்ச் சொல். இன்று படகுக்குப் பதில் பாலம். பாலத்தைக் கடந்து வடக்கே போகும் சாலை தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை புசார், சபாக் பெர்ணம் என்று நீள்கிறது. கடலோரம் அலையாத்திக் காடு, உள்ளே செம்பனை, அதற்கும் அப்பால் ராஜா மூசா, சுங்கை காராங் சதுப்புக் காடுகள். தென்கரையில் கோலசிலாங்கூர் நகரமும் புக்கிட் மெலாவத்தியும். அங்கிருந்து உள்நாட்டுக்குள் புக்கிட் ரோத்தான், நாம் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா. இந்நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான்: 1917-ஆம் ஆண்டு, தென்னமாரம் தோட்டத்தில், ஆன்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. பால்மரமும் செம்பனையும் அலையாத்தியும் சதுப்பும் சந்திக்கும் மண் இது. வேலியோரம், அல்லூர் ஓரம், செம்பனை வரிசைகளுக்கு நடுவில், தாமான் வீட்டு வாசலில் என்று காயும் பழமும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்திலேயே தொங்குகின்றன.

லயமே பள்ளிக்கூடம்

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. கங்காணி முறை 1938 வரை நடந்தது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இங்குள்ள தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்கள் களாவும் காரையும் சூரையும் இலந்தையும் தெரிந்தவர்கள். இங்கே இறங்கியதும் பாதிச் செடி தெரிந்த முகம், பாதிச் செடி அந்நிய முகம். மணத்தக்காளியும் ஆமணக்கும் குன்றிமணியும் ஊரில் பார்த்தவை. செண்டுடுக் புதரும் பெரெம்பாங் மரமும் புதியவை. அவற்றை மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதனால்தான் தோட்டத் தமிழில் செடிப் பெயர்களில் பாதி மலாய். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டதற்கும், கேட்டவருக்கு மற்றவர் சொல்லிக் கொடுத்ததற்கும் சாட்சி.

1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசி அரிதாகி மரவள்ளியே சோறானது. மரவள்ளியில், அதிலும் கசப்பு வகையில், சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. தோலைச் சீவி, நறுக்கி, ஊறவைத்து, நன்றாக வேகவைக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தலைமுறை பசியோடு படித்தது. பால்மரத்துக் கொட்டையிலும் அதே வகை நஞ்சு இருப்பதால், விளையாடலாம், பச்சையாய்த் தின்னக் கூடாது என்றார்கள். அவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். யாருக்கு என்ன ஆனது என்பதை மறக்காமல் வைத்திருந்து அடுத்தவருக்குச் சொன்னவர்கள்.

அந்தக் கல்விக்குப் பாடநூல் கிடையாது. பெற்றோர் வெட்டுக்குப் போன நேரத்தில் கைப்பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருந்தன. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். “ஆயா, இதத் தின்னலாமா?” என்று கேட்டால், “இன்னும் பழுக்கலடா, கீழ போடு” என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் சொந்தப் பாட்டியாக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். எதிர் லயத்துப் பெண்ணும் கையைத் தட்டிவிடுவார். கங்காணி வீட்டுக் கிழவரும் அதட்டுவார். லயத்துப் பிள்ளை எல்லார் வீட்டுப் பிள்ளை. அந்தப் பாதுகாப்பின் உயிர்நாடி இதுதான்.

இன்று அந்த லயங்கள் பெரும்பாலும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் தாமான்களுக்கும் நகரங்களுக்கும் குடிபெயர்ந்தார்கள், செம்பனைக் காட்டில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். லயம் கலைந்தபோது வீட்டைப் பற்றிப் பேசினோம், கோயிலைப் பற்றிப் பேசினோம், பள்ளியைப் பற்றிப் பேசினோம். பேசியதில் தவறில்லை. ஆனால் லயம் தன்னையறியாமல் செய்துவந்த இந்த ஒரு வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று நாம் பேசவே இல்லை.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு

இதைப் பற்றிப் பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு குரல்கள் கேட்கும்.

முதல் குரல்: “எதையும் தொடாதே என்று சொல்லிவிடுவோம். பழம் வேண்டுமானால் கடையில் வாங்கித் தரலாம். எதற்கு வம்பு?” இதில் நியாயம் உண்டு. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, 60 கிலோ எடையுள்ள பெரியவர் தின்ற அதே அளவு நான்கு மடங்கு நஞ்சு. எந்தத் தாயும் தன் பிள்ளையை வைத்துச் சோதனை செய்ய மாட்டாள்.

இரண்டாவது குரல்: “நாங்களும் தோட்டத்தில் கண்டதையும் தின்றுதானே வளர்ந்தோம். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்காதே.” இதிலும் நியாயம் உண்டு. மண்ணோடு உறவு இல்லாத பிள்ளைக்கு மண்ணின் ஆபத்தும் தெரியாது.

ஆனால் இரண்டு குரலிலும் ஒவ்வொரு ஓட்டை இருக்கிறது. கண்டதையும் தின்று வளர்ந்தோம் என்போர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் தனியாகத் தின்னவில்லை. கேட்க ஆள் இருந்தது, தடுக்கக் கை இருந்தது. இன்றைய பிள்ளை அந்தக் காவல் இல்லாமல் அதே வேலியோரம் நிற்கிறது. தொடாதே என்போர் மறப்பது இன்னொன்று. தடை ஆசையை அழிப்பதில்லை. பெரியவர் கண்ணுக்கு மறைவாக அனுப்பிவிடுகிறது. திருட்டுத்தனமாகத் தின்ற பிள்ளை, வயிறு வலித்தாலும் சொல்லாது. அடிக்குப் பயந்து ஒளிக்கும். நஞ்சு விஷயத்தில் நாம் இழக்கக் கூடாதது நேரம். ஒளித்த பிள்ளை இழப்பது அதைத்தான்.

2015 ஆகஸ்டில் இந்த நாடு கண்ட துயரம் ஒன்றை நாம் மறக்கலாகாது. கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த ஏழு ஒராங் அஸ்லி பழங்குடிப் பிள்ளைகள், அனுமதியின்றி ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்று பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். 47 நாள் கழித்து இரண்டு சிறுமிகள் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டார்கள். காட்டுப் பழங்களைத் தின்றும் ஆற்று நீரைக் குடித்தும் உயிரைப் பிடித்திருந்தார்கள் என்று செய்திகள் கூறின. மற்ற ஐந்து பேர் திரும்பவில்லை. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. காட்டைப் பற்றிய அறிவு உயிர் காக்கும். ஆனால் அது மட்டும் போதாது, பெரியவர்களின் காவலும் வேண்டும். அதற்கும் மேலானது இரண்டாவது பாடம்: பயந்த பிள்ளை நம்மை விட்டு ஓடும், நம்மிடம் ஓடிவராது.

2023-இல் கொலம்பியாவின் அமேசான் காட்டில் விமானம் விழுந்து, தாயை இழந்த நான்கு உடன்பிறப்புகள் 40 நாள் தாக்குப்பிடித்ததையும் உலகம் பார்த்தது. மூத்தவளுக்கு வயது 13; கடைசிக் குழந்தைக்கு ஒரு வயது. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவு தீர்ந்த பிறகு, தங்களுக்குத் தெரிந்த பழங்களையும் விதைகளையும் நம்பினார்கள். உய்தோத்தோ என்ற அந்தப் பழங்குடியில் பிள்ளைகளுக்குக் காட்டைச் சொல்லிக் கொடுப்பது குடும்பத்தின் கடமை. நம் பிள்ளைகள் காட்டில் தொலையப் போவதில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் வீட்டு வேலியோரமே அறியாத காடாகிவிட்டால், வாசலிலேயே அவர்கள் தொலைந்துபோகலாம்.

ஆகவே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு விதியை முன்வைக்கிறோம்: கேட்காமல் வாயில் வைக்காதே, கேட்டால் அடிக்க மாட்டோம், பெயர் சொல்லித் தருவோம். முதல் பாதி பிள்ளைக்கு. இரண்டாம் பாதி நமக்கு. நம் பாதியை நாம் காப்பாற்றாவிட்டால் பிள்ளையிடம் அதன் பாதியை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

முதலில் ஐந்து நஞ்சு

எதைச் சொல்லித் தருவது? நூறு செடிகளின் பட்டியல் எந்தப் பிள்ளைக்கும் நிற்காது. ஐந்து நஞ்சு, ஐந்து பழம் போதும். நஞ்சுதான் முதலில்.

குன்றிமணியை முன்பே சொன்னோம். இரண்டாவது ஆமணக்குக் குடும்பம். மலாயில் ஆமணக்கு ‘ஜாராக்’. காட்டாமணக்கு ‘ஜாராக் பாகார்’, வேலி ஜாராக். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற நஞ்சு. காட்டாமணக்கு விதையோ நிலக்கடலை போல ருசிக்கும். அதுதான் அதன் ஆபத்து. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் காட்டாமணக்கு விதையைத் தின்று, வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கூட்டமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. ஒருவன் தின்று நன்றாக இருக்கிறது என்றதும் மற்றவர்களும் தின்பார்கள். பிள்ளைகளின் பகிரும் குணமே அங்கே வினையாகிறது.

மூன்றாவது பொங்-பொங். கடலோரத்திலும் அலையாத்திக் காட்டோரத்திலும் வளரும் மரம். நிழலுக்காகச் சாலையோரங்களிலும் நட்டிருக்கிறார்கள். காய் பார்ப்பதற்குச் சிறு மாங்காய் போலவே இருக்கும். கேரளத்தில் ஒதளங்காய் என்று பெயர் பெற்றது இதுதான். இதன் பருப்பில் உள்ள செர்பெரின் இதயத் துடிப்பையே குலைக்கும். நான்காவது அரளி, அதிலும் மஞ்சள் அரளி. கோயில் நந்தவனத்தில் சாமிக்குப் பூக் கொடுக்கும் அதே செடியின் காய் இதயத்துக்கு நஞ்சு. ஐந்தாவது டுராண்டா. பெயர் தெரியாவிட்டாலும் எல்லாரும் பார்த்திருப்போம். தாமான் வீட்டு வேலிகளில் வெட்டி அழகாக விட்டிருக்கும் மஞ்சள் இலைச் செடி. அதில் முத்துச் சரம் போல் தொங்கும் ஆரஞ்சு நிறக் காய் தின்னக் கூடாதது. தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம், இனி ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் தங்கள் வேலியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பிறகு ஐந்து பழம்

நஞ்சைத் தெரிந்த பிள்ளைக்குப் பழத்தைச் சொல்லலாம். செரிப்பழம் எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் தேன்பழம் என்பார்கள். சிவந்து மெத்தென்று ஆனதும் தின்னலாம். செண்டுடுக் ஊதாப் பூப் பூக்கும் புதர். பழம் வெடித்து உள்ளே கருநீலச் சதை தெரியும். தின்றால் நாக்கு கறுக்கும். அதன் அறிவியல் பெயரின் முதல் சொல்லான மெலாஸ்டோமாவுக்கே கிரேக்கத்தில் ‘கறுத்த வாய்’ என்றுதான் பொருள். நம் பிள்ளைகளின் நாக்கைப் பார்த்துப் பெயர் வைத்தது போல் இருக்கிறது.

மற்ற மூன்றும் கவனம் கேட்பவை. சொடக்குத் தக்காளி, சிறுபூனைக்காலி, மணத்தக்காளி. முதல் இரண்டையும் மலாய்க்காரப் பிள்ளைகள் ‘லெத்துப்-லெத்துப்’ என்றே அழைப்பதுண்டு. ஒன்று காகித விளக்கு போன்ற உறைக்குள் இருக்கும். மற்றது பச்சை வலை போர்த்திய கொடிப்பழம். மூன்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று: பழுத்தால் பழம், பழுக்காவிட்டால் நஞ்சு. சிறுபூனைக்காலியின் பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. மணத்தக்காளியின் பச்சைக் காயில் சோலனின் உண்டு. மோரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, வற்றலாகப் பொரித்துச் சாப்பிடும் காய்தானே என்று பச்சையாகக் கை நிறைய அள்ளித் தின்னக் கூடாது. அம்மா செய்யும் பக்குவம் ருசிக்காக மட்டும் வந்தது அன்று. உண்ணிச்செடியும் இந்த வகைதான். மலாயில் ‘புங்கா தாஹி ஆயாம்’. அதன் பச்சைக் காய் நஞ்சு. பழுத்த கறுப்பைத் தின்றவர்கள் நம்மில் இருக்கலாம். பிள்ளைகளுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

இவற்றோடு சில பொய் விதிகளையும் பிள்ளை மனத்திலிருந்து எடுக்க வேண்டும். குரங்கு தின்றால் நாமும் தின்னலாம் என்பது ஒன்று. புக்கிட் மெலாவத்தியில் கைநீட்டி வாங்கித் தின்னும் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகளைப் பாருங்கள். அவற்றின் வயிறு பல அறைகள் கொண்டது. இலையையும் பழுக்காத காயையும் உள்ளே நொதிக்கவைத்துச் செரிக்கும். அந்த வயிறு நம்மிடம் இல்லை. பறவைக்கும் இது பொருந்தும். கசந்தால் நஞ்சு, இனித்தால் நல்லது என்பது இன்னொன்று. பாகற்காய் கசக்கும்; காட்டாமணக்கு ருசிக்கும். சிவப்பு ஆபத்து என்பது மற்றொன்று. கோவைப்பழம் சிவப்பு, பொங்-பொங் பச்சையாக இருக்கும்போதே நஞ்சு. குறுக்கு வழி எதுவும் கிடையாது. ஒவ்வொரு செடியையும் அதன் இலை, பூ, காய், பால், மணம் எல்லாம் பார்த்து, பெயர் சொல்லித் தெரிந்துகொள்வதுதான் ஒரே வழி.

மருந்தடித்த காடு

நம் பாட்டிகள் அறியாத ஒரு நஞ்சும் இன்று உண்டு. களைக்கொல்லி. அதைத் தெளிப்பதைத் தோட்டத்தில் ‘மருந்தடித்தல்’ என்கிறோம். அந்தச் சொல்லே பிள்ளையைக் குழப்பும்.

மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேட்டை ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வாக வெளியிட்டபோது, நம்மவர்களின் நெடுநாள் வேதனை ஊருக்குத் தெரிந்தது. பராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அதே 2002-இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006-இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாக விதிக்கப்பட்டது. உள்ளே போனால் மாற்று மருந்தே இல்லாத நஞ்சு அது. தடை வந்தது நல்லது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் இன்றும் அடிக்கப்படுகின்றன. கிளைபோசேட் போன்றவை செடிக்குள் ஊடுருவி மெதுவாகக் கொல்பவை. அடித்துப் பல நாள் வரை செடி பச்சையாகவே நிற்கும். செண்டுடுக் பழமும் சொடக்குத் தக்காளியும் பார்க்கக் குறையில்லாமல் இருக்கும். கழுவினால் போய்விடும் என்று நம்ப முடியாது. இதனோடு செம்பனை மரத்தடியில் வைக்கும் எலிமருந்துக் கட்டிகளும் உண்டு. மெழுகில் பிடித்து நிறம் ஏற்றியிருப்பதால் சிறு பிள்ளைக்கு மிட்டாய் போலத் தோன்றும்.

எனவே ஐந்து நஞ்சு, ஐந்து பழம் என்பதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: செம்பனைக் காட்டுக்குள் விளைந்த எந்தப் பழமும், நல்ல பழமானாலும், தின்னக் கூடாது. பிள்ளை கற்க வேண்டியது அங்கே. தின்ன வேண்டியது வீட்டுக் கொல்லையில், மருந்து படாத மண்ணில், பெரியவர் பார்த்துக் கொடுத்த பிறகு.

யார் என்ன செய்வது

இது எல்லார் வேலையும் என்று சொல்லி விட்டுவிட்டால் யார் வேலையும் இல்லாமல் போகும். ஆகவே பங்கு பிரித்துச் சொல்கிறோம்.

வீட்டில் தாத்தா பாட்டிதான் முதல் ஆசிரியர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பேரப்பிள்ளையோடு வேலியோரம் நடந்தால் போதும். நாலைந்து வயதுப் பிள்ளைக்குக் கேட்கும் பழக்கம் மட்டும். ஏழெட்டு வயதில் ஐந்து நஞ்சு. பத்து வயதுக்கு மேல் ஐந்து பழமும், பழுத்ததற்கும் பழுக்காததற்கும் உள்ள வேறுபாடும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கேட்ட பிள்ளையைத் திட்டாதீர்கள். வயிறு வலிக்கிறது என்று வந்து உண்மையைச் சொன்ன பிள்ளையை அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கோலசிலாங்கூர் வாகீசர் தமிழ்ப்பள்ளியிலிருந்து செகிஞ்சான் காந்திஜி தமிழ்ப்பள்ளி வரை, இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வளாகத்தில் இருக்கும் செடிகளுக்குத் தமிழ், மலாய், அறிவியல் பெயர் மூன்றையும் எழுதிய பலகைகளை வைக்கலாம். சாகாவுக்கும் ஆக்கார் சாகாவுக்கும், ஒரு லெத்துப்புக்கும் மறு லெத்துப்புக்கும் உள்ள குழப்பம் மூன்று பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தீரும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை தோட்டத்து மூத்தவர்களை அழைத்து, மாணவர்களோடு பள்ளி வேலியைச் சுற்றிவரச் செய்யலாம். 1987-இல் மாநில அரசும் இயற்கைக் கழகமும் சேர்ந்து உருவாக்கிய கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா நம் வாசலிலேயே இருக்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகும் பிள்ளைகளிடம், மின்மினி வந்து ஒளிரும் அந்த மரமே பெரெம்பாங், அதன் புளிப்புப் பழம் தின்னக்கூடியது என்று படகில் வைத்தே சொல்லலாம்.

தோட்ட நிர்வாகங்களின் பங்கு பெரியது. எந்தப் பகுதியில் எந்த நாளில் மருந்தடிப்பு என்பதை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொழிலாளர்க்குச் சொல்வதோடு, குடியிருப்பிலும் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். அடித்த பகுதியில் எச்சரிக்கைக் கொடி நட வேண்டும். காலிப் புட்டிகளும் எலிமருந்துப் பெட்டிகளும் பிள்ளை கைக்கு எட்டாமல் போக வேண்டும். 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன. சட்டத்துக்காக மட்டும் செய்வதைவிட, தங்கள் பிள்ளை அந்தப் பக்கம் விளையாடினால் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்ய வேண்டும். அறிவிப்பு இந்தோனேசிய, வங்காள, நேப்பாள மொழிகளிலும் இருக்கட்டும். அந்தத் தொழிலாளர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்.

கோயில் நிர்வாகங்கள் அரளியை வெட்ட வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் “பூ சாமிக்கு, காய் நஞ்சு” என்று ஒரு பலகை வைத்தால் போதும். திருவிழாக் கூட்டத்தில் ஓடியாடும் பிள்ளைகளை அது காக்கும். ஊராட்சி மன்றம் விளையாட்டுத் திடல்களைச் சுற்றி எதை நடுகிறோம் என்று ஒருமுறை பரிசீலிக்கலாம். டுராண்டாவுக்கும் பொங்-பொங்குக்கும் பதில் வேறு செடிகள் எவ்வளவோ உண்டு. 1975 முதல் இயங்கும் ருக்குன் தெத்தாங்கா குழுக்கள் கோத்தோங் ரோயோங் நாளில் புல் வெட்டுவதோடு, வெட்டும் செடியின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மலாய்க்காரப் பாட்டிக்கு ஒரு பழம் தெரியும், சீனப் பெரியவருக்கு ஒரு வேர் தெரியும், சிலாங்கூரின் தெமுவான் பழங்குடி மக்களுக்கு நம் எல்லாரையும்விட அதிகம் தெரியும். அன்று நம் முன்னோர் கேட்டுக் கற்றது போல இன்று நாமும் கேட்கலாம். நம்மிடம் கேட்டால் மணத்தக்காளியைச் சொல்லித் தரலாம்.

தின்றுவிட்டால்

எல்லாம் செய்த பிறகும் ஒருநாள் தவறு நேரலாம். அன்று பதறாமல் இருக்க இன்றே தெரிந்து வைப்போம். வாயில் மிச்சம் இருப்பதை வெளியே எடுத்து, வாயைக் கழுவிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விட்டுக் குமட்டவைப்பதும், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் புகட்டுவதும் பழைய பழக்கம். அவை கெடுதலைக் கூட்டும். என்ன தின்றது, எத்தனை, எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலையும் காயும் சேர்ந்த ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. பிள்ளை மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 999. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். குன்றிமணி, ஆமணக்கு நஞ்சுகள் பல மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

இந்த எண்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். பிள்ளையோடு வேலியோரம் நடப்பதற்கு அரை மணி. தோட்டத்தில் ஓர் எச்சரிக்கைக் கொடி நடுவதற்கு அதைவிடக் குறைவு. ஒவ்வொன்றும் சிறியது. ஒருவர் மட்டும் செய்தால் ஓட்டை விழும். எல்லாரும் செய்தால் கலைந்துபோன லயம் வேறு வடிவில் மறுபடி பிள்ளையைச் சூழ்ந்து நிற்கும்.

அந்தத் தாய் இனிமேல் சட்டைப்பையைத் துழாவ வேண்டியிராது. பிள்ளையே வாசலில் நின்று, கையை விரித்து, “அம்மா, இதுல கறுப்புப் பொட்டு இருக்கு, இது ஆகாததுதானே?” என்று கேட்கும்.